ஆர்9 பெட்ரோல் ஹோஸ்: பழைய காரில் மாட்டி ஓட்டிய பிறகு

நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவது ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்ற தரக் குறியீடு அச்சடித்து வரும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் ஹோஸைப் பற்றி. அதோடு வாங்கிய கிளிப்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னுடைய எம்பிஎஃப்ஐ காரில் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும் வகை) டேங்கிலிருந்து எஞ்சின் வரை இருந்த ரப்பர் ஹோஸ் அத்தனையையும் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். மிச்சமானதை மாமாவின் கார்புரேட்டர் காருக்குப் போட்டோம். இரண்டு வண்டியும் வெயிலிலும் மழையிலும் ஓடி, ஹோஸின் நிறையும் குறையும் தெரிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஆயில் மாற்றுவோம், பிரேக் பார்ப்போம், டைமிங் பெல்ட்டுக்குத் தேதி குறித்து வைத்திருப்போம். பெட்ரோல் ஹோஸை மட்டும் சொட்டுகிற வரை யாரும் தொடுவதில்லை. சொட்டும் இடமோ எஞ்சின் ரூமுக்குள், சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பக்கத்தில். காரில் இருக்கும் ரப்பர் சாமான்களிலேயே முதலில் கவனிக்க வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

என் காரில் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது மட்டும் பெட்ரோல் வாடை வரும். கொஞ்ச தூரம் ஓடினால் காணாமல் போய்விடும். வாடை தானாகப் போய்விடுகிறதே என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. வயதான ரப்பர் குளிரில் சுருங்கி விறைக்கும், நிப்பிள் (ஹோஸ் ஏறி உட்காரும் குழாய் முனை) மேல் அதன் பிடி தளரும், கசியும். எஞ்சின் சூடேறியதும் ரப்பர் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே கசிந்த கொஞ்ச பெட்ரோலும் ஆவியாகிவிடும். சூடான எஞ்சினில் தேடினால் ஈரத் தடம்கூடக் கிடைக்காது. அதனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்த உடனே, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் மாட்டியது பிரஷர் ரெகுலேட்டரிலிருந்து இறங்கும் ரிட்டர்ன் ஹோஸ், அதாவது மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்புவது. வெளியே துணிப் பின்னல் போட்ட பழைய வகை. பின்னலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை, பார்த்தால் நல்ல ஹோஸ் என்றுதான் சொல்வீர்கள். விரலால் நசுக்கினேன், உள்ளே நொறுங்குகிற மாதிரி ஒரு உணர்வு. கழற்றி நீளவாக்கில் கீறிப் பிரித்தால், உள் ரப்பர் வறண்ட ஏரி மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இவ்வளவு நாள் பெட்ரோலைப் பிடித்து வைத்திருந்தது பின்னலும் அழுக்கும்தான். துணி போர்த்திய ஹோஸை வெளியிலிருந்து பார்த்து நல்லது கெட்டது சொல்லவே முடியாது என்பதை அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது இன்னொரு ஹோஸைப் பார்த்து. பெட்ரோல் ஃபில்டருக்கு முன்னால் ஒரு கறுப்பு ஹோஸ் இருந்தது. நான் வண்டி வாங்குவதற்கு முன்பே யாரோ மாற்றியது. பளபளப்பு போகவில்லை, பழசும் இல்லை. ஆனால் தொட்டால் விரலில் ஒட்டியது. நுனி உப்பி, கிளிப் அழுந்திய இடத்தில் ரப்பர் பிதுங்கியிருந்தது. மேலே ‘ஃப்யூயல் ஹோஸ்’ என்று மட்டும் அச்சு. என்ன தரம், என்ன பிரஷர், யார் செய்தது, எந்த வருடம், ஒன்றும் இல்லை. கம்பெனி போட்ட பழைய ஹோஸ் தாங்கிய காலத்தில் சின்னப் பங்கைக்கூட இது தாங்கவில்லை. ஃபில்டரைக் கழற்றித் தட்டியபோது அதிலிருந்து கறுப்புத் துகள்கள் கொட்டின.

இதற்குக் காரணம் பெரும்பாலும் எத்தனால். இன்றைக்குப் பல நாடுகளிலும் பெட்ரோலில் எத்தனால் கலந்துதான் வருகிறது. 10 சதவீதம் கலந்தால் இ10, 20 என்றால் இ20. பழைய ஹோஸ்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். சுத்தமான பெட்ரோலுக்கு அது போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் பட்டால் அது ஊறி உப்புகிறது. ரப்பரை வளைந்து கொடுக்க வைக்கும் எண்ணெய்ப் பொருளும் கரைந்து போகிறது. வண்டி பல நாள் நின்று ஹோஸ் காய்ந்தால் அதே ரப்பர் சுருங்கி வெடிக்கிறது. ஊறுவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதால், எப்போதாவது எடுக்கிற கார்களில்தான் ஹோஸ் சீக்கிரம் போகிறது. தினமும் ஓடும் வண்டிக்கு இந்தக் கஷ்டம் குறைவு.

சரி, ஆர்9-இல் என்ன விசேஷம்? ஹோஸின் உட்சுவர் எஃப்கேஎம் எனப்படும் ஃப்ளூரோ ரப்பரால் ஆனது. விட்டான் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்திருக்கும். எத்தனால் அதை ஒன்றும் செய்வதில்லை. ரப்பர் சுவர் வழியாகவே பெட்ரோல் ஆவி வெளியேறும் என்பது பலருக்குத் தெரியாது. ஓட்டையே இல்லாத ஹோஸும் மெல்ல வியர்க்கும். அதே எஸ்ஏஇ வரிசையில் வரும் சாதாரண ஆர்7 ஹோஸில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு நாளில் 550 கிராம் வரை வெளியேறலாம் என்று தரவிதி அனுமதிக்கிறது. ஆர்9-க்கு அந்த வரம்பு 15 கிராம். மூடிய கேரேஜில் நிறுத்தும் வண்டிக்கு இந்த வித்தியாசம் மூக்குக்கே தெரியும். எனக்குத் தெரிந்தது.

அடுத்தது பிரஷர். கார்புரேட்டர் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் கொடுப்பது 3 முதல் 6 பிஎஸ்ஐ தான். எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில் குழாயில் நிற்பது ஏறத்தாழ 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ சொச்சம். ஆர்7 ஹோஸ் வேலை செய்யக்கூடிய பிரஷர் 50 பிஎஸ்ஐ. ஆர்9-க்கு 100. எம்பிஎஃப்ஐ காரில் ஆர்7 போட்டால் உடனே வெடித்துவிடாது, ஓடும். ஆனால் கையிருப்பு என்று ஒன்றும் இல்லை. சூட்டிலும் வயதிலும் ரப்பர் தளரும்போது அந்தக் கையிருப்புதான் காப்பாற்றும்.

கடையில் ‘இன்ஜெக்‌ஷனுக்குப் போடலாம், தைரியமா எடுங்க’ என்று சொல்வதை நம்பி வாங்காதீர்கள். ஹோஸ் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள். செய்த கம்பெனியின் பெயர், தரக் குறியீடு, உள் விட்டம், தயாரான தேதி, இவ்வளவும் இருக்க வேண்டும். சில ஐரோப்பிய ஹோஸ்களில் ‘டின் 73379’ என்ற ஜெர்மன் தரக் குறியீடு இருக்கும். அதிலும் பல வகை உண்டு. ‘3இ’ என்று முடிவதுதான் எஃப்கேஎம் உட்சுவர் உள்ளது. ஆர்9 என்று வெறும் அச்சு மட்டும் போட்டுவிட்டு உள்ளே சாதாரண ரப்பரை வைத்து விற்கும் போலிகளும் இருக்கின்றன. பழைய கார்க்காரர்கள் மத்தியில் இந்தப் புகார் அடிக்கடி வரும். நல்ல ஹோஸை வெட்டி நுனியைக் குறுக்காகப் பார்த்தால் அடுக்குகள் தெரியும்: உள்ளே மெல்லிய எஃப்கேஎம் வளையம், அதைச் சுற்றி வேறு ரப்பர், நடுவில் நூல் பின்னல், மேலே உறை. முழுக்க ஒரே ரப்பராகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நான் கண்ணால் பார்த்ததோடு விடவில்லை. புது ஹோஸிலிருந்து ஒரு துண்டு, தரம் அச்சடிக்காத மலிவு ஹோஸிலிருந்து ஒரு துண்டு, இரண்டையும் தனித்தனிக் கண்ணாடி ஜாடியில் பம்ப் பெட்ரோல் ஊற்றி மூடி, வீட்டுக்கு வெளியே நிழலில், நெருப்பு அண்டாத இடத்தில் சில வாரங்கள் வைத்தேன். மலிவு ஹோஸ் கிடந்த பெட்ரோல் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. துண்டு உப்பி, முன்பு இறுக்கமாக உட்கார்ந்த நிப்பிளில் லொடலொடவென்று ஆடியது. வெளியே எடுத்துக் காயவிட்டதும் கல்லாகிவிட்டது. மடக்கினால் வெடிப்பு விட்டது. ஆர்9 துண்டில் பெட்ரோலின் நிறம் லேசாகத்தான் மாறியது. உட்சுவர் வழவழப்பு குறையாமல் இருந்தது. ஆனால் அதன் வெளி உறை கொஞ்சம் உப்பியிருந்தது. இது குறையல்ல. வெளி உறை பெட்ரோலில் ஊறுவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. இந்தக் காரணத்தால்தான் டேங்குக்குள்ளே, பம்ப் மூழ்கிக் கிடக்கும் இடத்தில், ஆர்9 போடக் கூடாது. அதற்கு உள்ளும் புறமும் பெட்ரோலைத் தாங்கும் ஆர்10 என்று தனி ஹோஸ் இருக்கிறது. துண்டு சின்னதாக இருந்தாலும் விலை கூடவே இருக்கும். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை விறைப்பு. சுவர் தடிமன், பின்னல் இறுக்கம், அதனால் பழைய ஹோஸ் போன வளைவில் இது போகாது. என் காரில் ஃபயர்வால் (எஞ்சின் ரூமுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பு) பக்கம் கம்பெனி ஹோஸ் அச்சில் வார்த்த வளைவோடு வந்தது. அந்த இடத்தில் நேர் ஹோஸை மடக்கியபோது வளைவின் உட்பக்கம் தட்டையாகி மடிந்தது. மடிந்த இடத்தில் பெட்ரோல் ஓட்டம் குறையும், ரப்பரும் அங்கேதான் முதலில் வெடிக்கும். கடைசியில் கொஞ்சம் நீளம் விட்டு, அகலமாகச் சுற்றிக் கொண்டுபோய், எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி ஒரு தாங்கியில் பிடித்தேன். அப்படிச் சுற்ற இடம் இல்லாத வண்டி என்றால் வளைவோடு வார்த்த ஹோஸைத்தான் தேட வேண்டும். நேர் ஹோஸை முறுக்கி ஒப்பேற்றக் கூடாது.

அளவிலும் கவனம் வேண்டும். 5/16 அங்குலம் என்பது 7.9 மில்லிமீட்டர், 8 எம்எம் நிப்பிளுக்குச் சரியாக உட்காரும். 1/4 அங்குலம் 6.35 எம்எம். அதை 6 எம்எம் நிப்பிளில் போட்டால் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கும். ‘கிளிப்பை இறுக்கினா போதும்’ என்று மெக்கானிக் சொன்னால் கேட்காதீர்கள். கிளிப்பின் வேலை பிடிப்பது, பெரிய ஹோஸைச் சின்னதாக்குவது அல்ல. பழைய ஹோஸை அளந்து வாங்குவதும் தப்பு, அது உப்பியோ சுருங்கியோ இருக்கும். நிப்பிளை வெர்னியரால் அளந்துவிட்டு வாங்குங்கள். ஒரே காரில் ஃபீட் லைனும் ரிட்டர்ன் லைனும் வேறு வேறு அளவில் இருப்பது சகஜம். என் காரிலும் அப்படித்தான்.

கிளிப் விஷயத்தில் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. பட்டையில் வரிசையாகத் துளை போட்ட, ஸ்க்ரூடிரைவரால் இறுக்கும் சாதாரண கிளிப் தண்ணீர்க் குழாய்க்கு நல்லது. பெட்ரோல் ஹோஸில் அந்தத் துளை விளிம்புகள் ரப்பரைச் சீவும். என் பழைய ஹோஸில் அந்தத் தடம் பல் பதிந்த மாதிரி வரிசையாகத் தெரிந்தது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கிளிப் என்று கேட்டால் வேறு மாதிரி தருவார்கள்: துளை இல்லாத பட்டை, ஓரங்கள் மேல்நோக்கி மடித்தது, சின்ன போல்ட்டும் நட்டும். இறுக்கும்போது சுற்றிலும் ஒரே மாதிரி அழுத்தும். இதில் ஒரு தொல்லை, ஒவ்வொரு கிளிப்பும் 2 எம்எம் அளவுக்குத்தான் விட்டுக்கொடுக்கும். 13-15 என்று ஒன்று, 14-16 என்று ஒன்று. ஒரே 8 எம்எம் ஹோஸாக இருந்தாலும் வெளி விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோஸ் கைக்கு வந்த பிறகு வெளி விட்டத்தை அளந்துவிட்டுக் கிளிப் வாங்குவதுதான் சரி. நான் வாங்கிய கிளிப்கள் உறுதியானவை, துரு இல்லை. ஆனால் போல்ட் தலை பொடிசு, ஃபயர்வால் மூலையில் ஸ்பேனர் போகவே மறுத்தது. கிளிப்பை முதலிலேயே ஹோஸில் கோத்து, போல்ட் தலை நம் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டு மாட்டினால் அவ்வளவு சிரமம் இல்லை.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஒரே ஒரு பகுதியைத் தவிர. அந்தப் பகுதி பாதுகாப்பு. எம்பிஎஃப்ஐ வண்டியை நிறுத்தி வெகு நேரம் ஆனாலும் லைனில் பிரஷர் நிற்கும். பம்ப் ஃப்யூஸை உருவிவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். அப்புறம் பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை விடுங்கள். இவ்வளவு செய்தும் முதல் கிளிப்பைத் தளர்த்தும்போது துணி சுற்றித்தான் கழற்ற வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவு ஆவி விடக்கூடியது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சர்வீஸ் குழிக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யாதீர்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். பழைய குண்டு பல்ப் விளக்கு வேண்டாம், அது உடைந்தால் தீப்பொறிதான். பெட்ரோல் தீக்கு ஏற்ற பவுடர் அல்லது ஃபோம் அணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பழைய ஹோஸை இழுத்துப் பிடுங்காமல் நீளவாக்கில் கீறி உரித்தால் நிப்பிள் வளையாது. கத்தி நிப்பிளில் கோடு போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தக் கோடு வழியாகவே கசியும். புது ஹோஸைக் கூர்மையான பிளேடால் ஒரே வெட்டாக, நேராக வெட்டுங்கள். ஹேக்ஸா போட்டால் தூள் உள்ளே போய் இன்ஜெக்டர் வரை பயணம் செய்யும். நிப்பிள் மேல் ஒரு சொட்டு பெட்ரோல் தடவினால் ஹோஸ் வழுக்கிக்கொண்டு போகும், கிரீஸ் வேண்டாம். நிப்பிள் நுனியில் உள்ள மேடு தாண்டி ஹோஸ் நன்றாக உள்ளே ஏற வேண்டும். கிளிப் அந்த மேட்டின் மேல் உட்காரக் கூடாது, அதற்குப் பின்னால் உட்கார வேண்டும். ஃபில்டரையும் கையோடு மாற்றிவிடுங்கள். அதில் அம்புக்குறி இருக்கும், எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினால் பம்ப் சில நொடி ஓடி நிற்கும். அப்படிப் பல முறை செய்து லைனில் பிரஷர் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரிந்துவிடும். என் காரில் ஃபில்டர் பக்கம் ஒரு கிளிப்பில் லேசான ஈரம் இருந்தது, அரைச் சுற்று இறுக்கியதும் நின்றது. எஞ்சின் நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு மறுபடி ஒரு தடவை எல்லாக் கிளிப்பையும் பார்த்தேன். புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.

மாமாவின் கார் கதை வேறு. அதில் ஒரு சொட்டுக்கூட லீக் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் மேட்டில் ஏறும்போது திணறும், காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் சுற்ற வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள், ஜெட் மாற்றியிருக்கிறார்கள், பிளக் மாற்றியிருக்கிறார்கள். கார்புரேட்டர் வண்டியில் பம்ப் எஞ்சினில் இருக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள லைன் முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே ஹோஸில் வெடிப்பு விட்டால் ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. பம்புக்கு முன்னால் இருந்த ஒளி ஊடுருவும் ஃபில்டரை, வண்டி ஐடிலில் இருக்கும்போது பார்த்தோம். குமிழிகள் விடாமல் வந்தன. எஞ்சின் கொதிக்கும் சூட்டில் இருந்தால் பெட்ரோலே ஆவியாகிக் குமிழி விடும், ஆனால் இது குளிர்ந்த எஞ்சின். டேங்க் தலையில் இருந்த சின்ன ஹோஸை விரலால் வளைத்ததும் விரிசல் வாய் திறந்தது. ‘இந்த அரை ஜாண் ரப்பருக்கா கார்புரேட்டரைப் பிரிச்சோம்?’ என்று மாமா கேட்டார். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் ஆர்9 போட்டு மாற்றினோம். திணறல் போய்விட்டது.

கார்புரேட்டருக்கு ஆர்9 தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. பிரஷரை மட்டும் பார்த்தால் தேவையில்லை. எத்தனாலைப் பார்த்தால் தேவை. மெல்லிய நைட்ரைல் ஹோஸ் போட்டு மறுபடி மறுபடி மாற்றுவதற்குப் பதில் ஒரே தடவையில் இதைப் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. டேங்க் அடியில் ஹோஸ் பழையதைப் போல வளையவில்லை என்று மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான்.

இந்த ஹோஸ் எல்லா இடத்துக்கும் ஆகாது. கொஞ்சம் புதிய கார்களில் நைலான் குழாயும் சொருகு கனெக்டரும் இருக்கும். அந்தக் குழாயை வெட்டி ரப்பர் ஹோஸைச் சொருகிக் கிளிப் போடும் பழக்கம் ஆபத்தானது. வழவழப்பான நைலானில் மேடு கிடையாது, பிரஷரில் ஹோஸ் கழன்றுவிடும். பெட்ரோல் நிரப்பும் கழுத்தில் இருக்கும் பெரிய ஹோஸுக்கும் இது பொருந்தாது, அதற்குத் தனியாக வாங்க வேண்டும். அதையும் கையோடு பாருங்கள். டேங்க் நிரப்பிய பிறகு மட்டும் வாடை வருகிற வண்டிகளில் பெரும்பாலும் காரணம் அதுதான்.

வாங்கும்போது அளந்ததைவிட ஒரு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். வளைவு விட்டுச் சுற்றுவதிலேயே பாதி போய்விடும். மாட்டும்போது அச்சு உள்ள பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மாட்டுங்கள். நான் வாங்கிய ஹோஸில் அச்சு விரலால் தேய்த்தாலே மங்குகிறது, இதுவும் ஒரு குறைதான். அதனால் தரத்தையும் மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் ஒரு அட்டையில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடுத்து அந்த எஞ்சினில் கை வைக்கும் மெக்கானிக் ஊகித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.